முப்பத்தாறு

ஏற்காட்டில் நைட் ஹால்ட்.
ஒன்பதே முக்காலுக்கு மேல் ஏற ஆளில்லை.
மாதையன் கடைசி சீட்டில் போர்வைக்குள் போய்விட்டார்.
நான் டிரைவர் இடத்தில் உட்கார்ந்து
உள்கண்ணாடியை என் பக்கம் திருப்புகிறேன்.
செல்போன் வெளிச்சத்தை டேஷ்போர்டில் சாய்த்து
வாயைத் திறந்தால்
முதலில் தெரிவது காலி சீட்டுகள்,
அப்புறம்தான் பல்.

கீழ்வரிசை, இடப்பக்கம்.
டாக்டர் ஷாஹிதா அதைக் கடைவாய்ப்பல் என்பதில்லை.
முப்பத்தாறு என்பார்.
எனக்கும் வசதிதான்.
இருபத்திரண்டு வருஷமாய் மனிதரையே
தலைக்கணக்கில்தானே எண்ணுகிறேன்.

பழைய முப்பத்தாறு கத்தும்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
கன்னத்துக்குள்ளிருந்து கத்தும்.
கிராம்பை வைத்து அதன் வாயை அடைத்தேன்
இரண்டு வருஷம்.
வாய் பாக்குக்கு,
கை சில்லறைக்கு,
விசில் அந்தப் பல்லிடுக்குக்கு என்று
வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தேன்.
ஒருநாள் மலைச்சரக்கு ஏறும் அவசரத்தில்
கடித்த கடியில்
பாதி பல் விசிலோடு வந்தது.
மீதியை அஸ்தம்பட்டியில் பிடுங்கினார்கள்.

இப்போது இருப்பது டைட்டேனியம் திருகு,
மேலே ஒரு தொப்பி.
சொசைட்டி லோன், முப்பது தவணை.
"வண்டி வாங்கலாம்னோம்,
வாய்க்குள்ள வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் சரளாதேவி.
எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம்.
அதுவரை இடப்பக்கம் ரூட் கேன்சல்.
திறப்பு விழா பழைய பஸ் ஸ்டாண்டில்:
தட்டுவடை செட், இரண்டு பிளேட்.

"இதுல சொத்தை வராதுல்ல, மேடம்?"
"பல்லுல வராது. ஈறு சீழ் வைக்கும்.
உள்ள எலும்பு கரையும்.
பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது."
வலிக்காது என்றதும் நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

அதனால்தான் இந்த ராத்திரி உத்தியோகம்.
பூப்போன்ற பிரஷ், ஈறோரமாய், சாய்த்து.
பீடிங் பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி மாதிரி ஒன்று,
இடுக்குக்குள் போய் வர.
அப்புறம் நூல்:
தொப்பிக்கு அடியில் நுழைத்து
குறுக்காகச் சுற்றி
ஷூ பாலிஷ் போடுகிறவன் துணியை இழுப்பதுபோல்
இப்படியும் அப்படியும்.
குண்டூசி கூடாது. பாக்கு கூடாது.
விசில் உதட்டில் மட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
கண்ணாடிக் கரண்டியின் காம்பால்
டொக் டொக்கென்று தட்டி
காதைச் சாய்த்துக் கேட்கிறார் ஷாஹிதா.
ஜான்சன்பேட்டை டிப்போவில் சடையப்பன்
சுத்தியலால் வீல் நட்டைத் தட்டிக் கேட்பதும் இப்படித்தான்.
மலைக்கு விடுமுன் ஒவ்வொன்றாக.
நட்டு சொல்லாது, நாமதான் கேக்கணும் என்பான்.
ஒருமுறைகூட
அவன் சொன்னதை நான் என்னைப் பற்றி நினைத்ததில்லை.

ஜன்னலைத் தட்டுகிறார்கள்.
பனிக்குள் மப்ளர் கட்டிய ஒரு தலை.
"சேலம் போகுமா?"
வாய் நிறைய நுரை.
ஐந்து விரல் காட்டுகிறேன், பிறகு பத்து.
காலை ஐந்து பத்து.
அவருக்குப் புரிந்ததா என்னவோ,
பதினைந்து ரூபாயா என்கிறார்.

அவர் போனபின் நூலைப் பார்க்கிறேன்.
ஓரிடத்தில் லேசாய் ரோஸ்.
துளிகூட வலி இல்லை.
நாக்கால் தடவினால் பழைய மொழுமொழுப்புதான்.
முன்பென்றால் நூலைச் சுண்டி எறிந்துவிட்டுப் படுத்திருப்பேன்.

பையில் கிடந்த பழைய டிக்கெட்டின் முதுகில்
சில்லறை இல்லாதபோது
பயணிக்கு எழுதித் தருவேனே, அதே கிறுக்கலில்
எழுதுகிறேன்:
முப்பத்தாறு. பாக்கி.
டூட்டி முடிந்ததும் அஸ்தம்பட்டியில் இறங்கவும்.

கண்ணாடியை மாதையனின் உயரத்துக்குத்
திருப்பி வைக்கிறேன்.
கொஞ்சம் தள்ளிப்போனாலும்
காலையில் கத்துவார்.